காலி வீதியோரத்து நினைவு: தெல்வத்த சுனாமி அருங்காட்சியகமும் தீவின் மறுகரையும்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நத்தாருக்கு மறுநாள், போயாவும் அன்றுதான். விடுமுறைக்கு ஊர் திரும்புகிறவர்கள், உறவினர் வீட்டுக்குப் போகிறவர்கள், பிள்ளைகளைக் கடல் பார்க்கக் கூட்டிப் போகிறவர்கள் என்று கூட்டம் முட்டிய 50ஆம் இலக்க ரயில் காலை 6.50 அளவில் கொழும்பு கோட்டை நிலையத்தை விட்டு மாத்தறை நோக்கிக் கிளம்பியது. அன்றைய இலங்கை நேரப்படி 6.58க்குச் சுமாத்திராவுக்கு மேற்கே கடலடி நிலம் முறிந்தது, அளவு 9.1. ரயில் அப்போது கொழும்பின் புறநகரைக்கூடத் தாண்டியிருக்காது. நூறு கிலோமீற்றருக்கும் குறைவான பாதையை ரயிலும், ஆயிரத்தைந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட கடலை அலையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கடந்து முடித்தன. இரண்டும் சந்தித்த இடம் பெரலிய. நேரம் ஒன்பதரை மணியை ஒட்டி.

இந்த இரண்டரை மணி நேரத்தைத்தான் நான் அடிக்கடி யோசிக்கிறேன். நிலம் அதிர்ந்த சில நிமிடங்களில் உலகத்தின் நிலநடுக்கமானிகள் அதைப் பதிந்துவிட்டன. ஹவாயில் இருந்த பசிபிக் எச்சரிக்கை நிலையம் பார்த்தது. ஆனால் இந்து சமுத்திரத்தில் யாருக்கு, எந்த இலக்கத்துக்குச் சொல்வது என்ற ஏற்பாடு எதுவும் அப்போது இல்லை. கிழக்குக் கரையை அலை அடித்த பிறகும் மேற்குக் கரை மக்களுக்குச் செய்தி போகவில்லை. செய்தி கிடைத்த மருதானை ரயில் கட்டுப்பாட்டு அறை கரையோர ரயில்கள் சிலவற்றை நிறுத்தியது. 50ஆம் இலக்க ரயிலை அம்பலாங்கொடையில் மறிக்கப் பார்த்தது. அங்கே மணி அடித்துக்கொண்டிருந்தபோது நிலையத்தார் மேடையில் அந்த ரயிலையே கவனித்துக்கொண்டு நின்றார்கள். தொலைபேசியை எடுக்க ஆள் வந்தபோது ரயில் போய்விட்டது.

பெரலியவில் முதல் நீர் வந்து ரயிலைச் சூழ்ந்தது, ரயில் நின்றது. தண்டவாளத்தில் நிற்கும் இரும்பு அசையாது என்று நம்பி ஊர் மக்கள் பெட்டிகளின் கூரையில் ஏறினார்கள், பிள்ளைகளை ஏற்றினார்கள், சிலர் பெட்டிகளுக்குப் பின்னால், கடலுக்கு மறைவாக நின்றார்கள். சில நிமிடங்களில் வந்த அடுத்த அலை ரயிலின் கூரைக்கும் மேலாக வந்தது. பெட்டிகள் உருண்டன. மறைவுக்கு நின்றவர்கள் மேல் பெட்டிகள் விழுந்தன. உள்ளே இருந்தவர்களால் கதவைத் திறக்க முடியவில்லை. இறந்தவர்கள் ஆயிரத்துக்குக் குறையாது. 1,700க்கும் மேல் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. சீட்டு வாங்காமல் ஏறியவர்கள் எத்தனை பேர், கடைசி நிமிடத்தில் ஏறிய ஊரார் எத்தனை பேர் என்று எவரும் எண்ணியிருக்க முடியாது. மீட்ட உடல்கள் சுமார் 900. உறவினர் அடையாளம் காணாதவற்றைத் தண்டவாளத்துக்கு அருகிலேயே பிக்குகள் ஓதப் புதைத்தார்கள். உலக ரயில் வரலாற்றில் இதைவிடப் பெரிய உயிரிழப்பு இல்லை என்பது பொதுவான கருத்து.

அந்த இடத்துக்கு அருகே, தெல்வத்தவில், காலி வீதியோரமாக இருக்கிறது சமூகச் சுனாமி அருங்காட்சியகம். அது ஒரு வீடு. அலையில் தப்பிய அவ்வூர்ப் பெண் ஒருவர் வெளிநாட்டு நண்பர்களின் கைகொடுப்போடு தொடங்கி நடத்திவருவது. அரசாங்கத்தின் கல்வெட்டு இல்லை, நுழைவுச்சீட்டு இல்லை. விரும்பியதைப் போட ஓர் உண்டியல் இருக்கிறது. சற்றுத் தள்ளி அதே வீதியில் இன்னொரு புகைப்படக் காட்சியகமும் உண்டு. இரண்டுக்கும் விளம்பரம் வீதிதான். ஹிக்கடுவைக்கும் காலிக்கும் போகிற வாகனங்கள் வழியில் நிறுத்துகின்றன. ஓட்டுநரே இறங்கி வந்து பயணிகளை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே நிழலில் நிற்பார்.

உள்ளே சிறிய அறைகள். சுவரின் நிறம் தெரியாத அளவுக்குப் படங்கள், பத்திரிகை நறுக்குகள், சிறுவர்கள் வரைந்தவை. தென்னைகளைவிட உயரமாக வரைந்த அலை. அதன் வளைவுக்குள் தலைகீழாக ஒரு ரயில். ஓரத்தில் ஒரு வீடு, அதன் ஜன்னலில் யாரும் இல்லை. இழப்பிலிருந்து பிள்ளைகளை மீட்கவென்று அந்த நாட்களில் வந்திறங்கிய தொண்டர்கள் பென்சிலும் தாளும் கொடுத்து வரையச் செய்த படங்கள் இப்படித்தான் இருக்கும். ஆனால் அவற்றைப் பார்த்து நிற்கும்போது, வரைந்த பிள்ளைகள் இப்போது முப்பதை எட்டும் வயதினர் என்ற எண்ணம் வந்து படத்தை வேறுவிதமாகப் பார்க்க வைக்கிறது.

என்னை அதிகம் நிறுத்தியது படங்களுக்குக் கீழே உள்ள அட்டைகள். கையெழுத்து. பெரும்பாலும் ஆங்கிலம். எழுதத் தொடங்கும்போது எழுத்துகள் பெரிதாக, இடைவெளி விட்டு நிற்கின்றன. சொல்ல வேண்டியது மிச்சமிருக்க அட்டை முடிந்துவருகிறது, எழுத்து சுருங்குகிறது, கடைசி வரி கீழ் ஓரத்தில் ஏறி விழுந்து நெருங்கிக்கொள்கிறது. அங்கங்கே எழுத்துப் பிழை. பெரிய அருங்காட்சியகம் ஒன்றில் இந்த வசனங்களை ஒரு நிபுணர் குழு இருபது சொல்லாகச் சுருக்கியிருக்கும். இங்கே வசனத்தை எழுதியவருக்கு எதை விடுவது என்று தெரியவில்லை, அல்லது விட மனம் வரவில்லை. நிலத்தட்டு எப்படி நகர்கிறது என்ற பாடப் புத்தக விளக்கமும், எந்த வீட்டில் யார் போனார்கள் என்ற செய்தியும் ஒரே குரலில், ஒரே பேனையில் வருகின்றன.

இறந்தவர்களின் உடல்களைக் காட்டும் படங்களும் இருக்கின்றன. அவற்றை மாட்டலாமா என்பது சுலபமாகத் தீர்க்கக்கூடிய கேள்வி அல்ல. நினைவு அருங்காட்சியகங்களைப் பற்றி 2007இல் ஒரு நூலே எழுதிய போல் வில்லியம்ஸ் கவனித்த முரண் இங்கே நேராகத் தெரிகிறது: நினைவிடம் இறந்தவரை மதித்து அமைதி காக்கிறது, அருங்காட்சியகம் ஆதாரத்தை எடுத்து வைத்துக் கேள்வி கேட்கிறது. இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைத்தால் ஒன்றின் ஒழுக்கம் மற்றதை உறுத்தும். அரசாங்கங்கள் பொதுவாக முதலாவதைத் தெரிந்தெடுத்துச் சிற்பம் வைத்துவிடுகின்றன. பெரலியவில் வீதியோரமாக அமைந்த நினைவுச் சின்னமும் அதன் புடைப்புச் சிற்பமும் அந்த வகை. தெல்வத்த வீடு இரண்டாவதைத் தெரிந்தெடுத்தது. அந்தப் படங்கள் இல்லாவிட்டால் அலை ஒரு காட்சிப்பொருளாக, கடற்கரைச் சுற்றுலாவின் இடையில் வரும் ஒரு சுவாரசியமாகச் சுருங்கிவிடும் என்பது என் எண்ணம். ஆனால் அந்த உடல்களுக்குப் பெயர் இல்லை. அனுமதி கேட்க ஆளும் இல்லை. கடற்கரை உடுப்போடு உள்ளே வரும் ஒருவர் அதைப் பார்த்துவிட்டுப் பத்து நிமிடத்தில் வெளியே போய்த் தேங்காய்த் தண்ணீர் குடிக்கிறார் என்றால், குறை அவருடையதும் அல்ல. துயரம் நடந்த இடங்களுக்குப் போகும் சுற்றுலாவைப் பற்றி லெனன், ஃபோலி என்ற இரு ஆய்வாளர்கள் 1990களில் எழுதத் தொடங்கியதிலிருந்து ஒரு துறையே வளர்ந்திருக்கிறது. அந்தத் துறை வருகிறவரின் மனத்தையே அதிகம் ஆராய்கிறது. வாசலில் நின்று ஒவ்வொரு நாளும் அதே கதையைச் சொல்கிறவரின் மனத்தைப் பற்றிய பக்கங்கள் குறைவு.

ஏன் பெரலிய? கொழும்பிலிருந்து காலி வரை ரயில் கடலை ஒட்டியே ஓடுகிறது. எத்தனையோ இடங்களில் பெரலியவைவிடக் கடலுக்குக் கிட்ட. சுமாத்திராவிலிருந்து நேராகப் பார்த்தால் தென்மேற்குக் கரை தீவின் மறைவில்தான் இருக்கிறது. அலை தெற்கு முனையைச் சுற்றி வளைந்துதான் அங்கே வந்தது. அப்படி வளைந்து வந்த அலை ஓரிடத்தில் ரயிலைப் புரட்டியது, சற்றுத் தள்ளி வேறோர் இடத்தில் முற்றத்தை நனைத்துவிட்டுப் போனது.

இதற்கு ஒரு விளக்கத்தை 2005இல் ஆய்வாளர் ஹரீந்திர பெர்னாண்டோவும் அவரோடு சேர்ந்தவர்களும் வெளியிட்டார்கள். அவர்கள் கணக்குப்படி பெரலியவில் அலை சுமார் 10 மீற்றர் உயர்ந்தது, உள்நாட்டுக்குள் ஒன்றரைக் கிலோமீற்றர் ஓடியது. மூன்று கிலோமீற்றர் தெற்கே ஹிக்கடுவையில் அதன் உயரம் 2 முதல் 3 மீற்றர். உள்ளே வந்தது வெறும் 50 மீற்றர். இந்த வேறுபாட்டுக்கு அவர்கள் காட்டிய காரணம் கரையோர முருகைக்கற் பாறை. ஹிக்கடுவையின் பாறை கடல் சரணாலயமாகக் காக்கப்பட்டது. கண்ணாடிப் படகும் முக்குளிப்பும் வைத்துப் பிழைக்கிறவர்களுக்கு அந்தப் பாறைதான் சோறு. ஆகவே தொட விடவில்லை. பெரலிய, அக்குறல பக்கத்தில் அதே பாறையை உடைத்துச் சுண்ணாம்புச் சூளைக்கு விற்றார்கள். 1980களில் அம்பலாங்கொடைக்கும் திக்வெல்லைக்கும் இடைப்பட்ட கரையில் ஆண்டுக்குச் சுமார் 18,000 தொன் முருகைக்கல் சூளைக்குப் போனதாக ஒரு கணக்கெடுப்பு சொல்கிறது. கரையோர வலயத்தில் முருகைக்கல் எடுப்பதை 1988இன் சட்டத் திருத்தம் தடைசெய்தது. தடை வந்த பிறகும் களவாக எடுப்பது நிற்கவில்லை. சூளைக்காரனைக் குற்றம் சொல்வதும் சுலபம். ஆனால் கொழும்பில் எழும்பிய கட்டடங்களின் சுவருக்குப் பூசிய சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது என்றும் கேட்க வேண்டும்.

இந்த விளக்கத்தை எல்லா ஆய்வாளரும் அப்படியே ஏற்கவில்லை. கடலடியின் சரிவு, கரையின் வளைவு, ஆற்று முகத்துவாரம் ஆகியவை பாறையைவிடப் பெரிய காரணிகள் என்று வாதிட்டவர்கள் இருக்கிறார்கள். பாறையின் இடையே விழுந்த இடைவெளிகளில் நீர் குவிந்து வேகமெடுக்கும் என்ற பகுதி எனக்குப் பௌதிகமாக நம்பத் தக்கதாகவே படுகிறது; அது மட்டுமே காரணம் என்று சொல்ல ஆதாரம் போதாது. எப்படியானாலும், இயற்கை செய்தது என்று கைகழுவிவிட்ட ஒரு பேரழிவுக்குள் மனிதர் கை எங்கே இருந்தது என்று கேட்கும் இந்த வாதம் தேசிய நினைவுச் சின்னங்களில் இடம்பெறுவதில்லை. சிற்பத்தில் அலை வரலாம், தாய் வரலாம், ரயில் வரலாம். சுண்ணாம்புச் சூளையை எவரும் செதுக்குவதில்லை.

அடுத்த அலைக்கு ஊர் தயாரா என்ற கேள்வியையும் பெரலிய மக்கள் தாங்களே கையில் எடுத்தார்கள். நிவாரணத்துக்கு வந்து தங்கிவிட்ட வெளிநாட்டுத் தொண்டர்கள் சிலரோடு சேர்ந்து அங்கே ஒரு சமூக எச்சரிக்கை மையம் தொடங்கியது. அந்தத் தொண்டர்களைப் பற்றி ‘தி தேர்ட் வேவ்’ என்ற ஆவணப்படமும் வந்தது. அரசாங்கம் 2005இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தை நிறைவேற்றிக் கரையோரமெங்கும் எச்சரிக்கைக் கோபுரங்களை நட்டது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் அதிர்ந்தபோது கரையிலிருந்த மக்கள் உள்நாட்டுக்கு ஓடினார்கள். அன்று பெரிய அலை வரவில்லை. ஆனால் கடல் உள்வாங்கினால் வேடிக்கை பார்க்கப் போகாதே, மேட்டுக்கு ஓடு என்ற ஒரு வரியை ஊர் கற்றிருந்தது. 2004இல் கடல் பின்வாங்கித் தரை தெரிந்தபோது மீன் பொறுக்கவும் பார்க்கவும் இறங்கியவர்கள் பலர். அருங்காட்சியகம் திரும்பத் திரும்பச் சொல்வதும் இந்த ஒரு வரியைத்தான். அந்த வகையில் அது தன் வேலையைச் செய்கிறது.

இனி நான் உண்மையில் பேச வந்த விஷயம்.

சுனாமி இலங்கையில் 35,000க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. இதில் காலி மாவட்டத்தின் பங்கு நாலாயிரத்தைச் சற்றுத் தாண்டும். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேல். கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று ஒன்றோடொன்று ஒட்டிய ஊர்கள். கடலுக்கும் வீட்டுக்கும் இடையே ஒரு மணல் ஒழுங்கை. மட்டக்களப்பில் நாவலடி, டச்பார், கல்லடி. திருகோணமலையில் கிண்ணியா, மூதூர். முல்லைத்தீவு நகரம். வடமராட்சி கிழக்கில் மணற்காடு, உடுத்துறை. ஞாயிறு என்பதால் பல இடங்களில் பூசைக்கு வந்தவர்கள். இறந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு அளவு வடக்கிலும் கிழக்கிலும்.

உலகம் அறிந்த இலங்கைச் சுனாமி இதுவல்ல. உலகம் அறிந்தது அந்த ரயில். அதற்கு அடுத்தபடி, யால கடற்கரையில் தன் குடும்பத்தை இழந்த சோனாலி தெரணியகல 2013இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘வேவ்’ என்ற நினைவுக் குறிப்பு. இரண்டும் தெற்கு. ரயில் பெரிய துயரம்தான். அந்த நூலும் தன் அளவில் ஈடில்லாதது. ஆனால் இவை முன்னே வந்து நிற்பதற்கு இறந்தவர் தொகை காரணமில்லை. செய்தியாளர் கொழும்பிலிருந்து சில மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய வீதி காரணம். சோதனைச் சாவடி இல்லாத வீதி என்பது காரணம். ஏற்கெனவே வெளிநாட்டவர் தங்கியிருந்த கரை என்பது காரணம்.

நாட்டின் மௌனத்துக்கும் ஒரு நேரம் உண்டு. டிசம்பர் 26 தேசிய பாதுகாப்பு தினம். ஒவ்வோர் ஆண்டும் காலை 9.25 முதல் 9.27 வரை இரண்டு நிமிட மௌனம். அந்த எண் பெரலியவின் நேரத்தோடு ஒட்டுகிறது. கிழக்குக் கரையில் ஒன்பது மணியை ஒட்டியே எல்லாம் முடிந்துவிட்டது, 9.25க்கு அங்கே தேடிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2004இல் இலங்கைக் கடிகாரம் கிரீனிச்சுக்கு ஆறு மணி நேரம் முன்னே ஓடியது. 2006 ஏப்ரலில் அதை அரை மணி பின்னே இழுத்தார்கள். ஆகவே இன்றைய 9.25 என்பது அன்றைய கணக்கில் 9.55. பெரலியவுக்கே அது பொருந்தவில்லை. சடங்குக்கு ஒரு நேரம் வேண்டும், அதற்கு மேல் அதை நோண்டக் கூடாது என்று ஒருவர் சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

சமனின்மை மௌனத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கடலை ஒட்டி வீடு கட்டக் கூடாத எல்லை தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் என்று முதலில் அறிவித்தார்கள். கல்முனை போன்ற நெருக்கமான ஊரில் 200 மீற்றர் என்றால் முழுக் குடியிருப்பும் போய்விடும். ஒதுங்கிப் போகவும் காணி இல்லை. எல்லையைப் பின்னர் தளர்த்தினார்கள். வடக்கு கிழக்கில் நிவாரணத்தை அரசும் விடுதலைப் புலிகளும் சேர்ந்து கையாள ஒரு பொதுக்கட்டமைப்புக்கு 2005 ஜூன் 24 அன்று கையெழுத்தானது. அதை எதிர்த்து ஜே.வி.பி. அரசாங்கத்திலிருந்து வெளியேறியிருந்தது. அடுத்த மாதமே உயர் நீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகளை இடைநிறுத்தியது. கட்டமைப்பு எழும்பவே இல்லை.

அதே அலை இன்னும் கொடுமையாக அடித்த இந்தோனேசியாவின் ஆச்சேக்கு அதே 2005இன் ஆகஸ்ட் 15 அன்று ஹெல்சிங்கியில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது. முப்பதாண்டு சண்டை ஓய்ந்தது. 2009இல் பண்டா ஆச்சேயில், கட்டடக் கலைஞர் ரித்வான் காமில் வடிவமைத்த பெரிய சுனாமி அருங்காட்சியகம் எழும்பியது. இருபுறமும் நீர் வழியும் ஒடுங்கிய இருட்டு நடையில் தொடங்கி, இறந்தவர் பெயர்கள் மேலே ஏறும் ஒரு கூண்டுக்குள் அது வருகிறவரைக் கொண்டுபோகிறது. அதே 2009இல் முல்லைத்தீவுக் கரையில் என்ன நடந்தது என்பதைத் தமிழ் வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சுனாமிக்குத் தப்பியவர்கள் பலர் அதே மணலில் நாலரை ஆண்டு கழித்து இறந்தார்கள். முல்லைத்தீவில் டிசம்பரும் மேயும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. கடலால் இறந்தவருக்கு விளக்கேற்றத் தடை இல்லை. போரில் இறந்தவருக்கு நீண்ட காலம் இருந்தது. நினைவுகூர அனுமதிக்கப்பட்ட சாவு, அனுமதிக்கப்படாத சாவு என்று ஒரே குடும்பத்துக்குள் இரண்டு வகை.

ஆனால் வடக்கு கிழக்கில் நினைவிடமே இல்லை என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். உடுத்துறையில் புதைத்த இடத்திலேயே நினைவாலயம் இருக்கிறது. ஆண்டுதோறும் ஊர் கூடுகிறது. நாவலடியில் தூபி இருக்கிறது. கரையோர ஊர்கள் பலவற்றில் கோயிலும் பள்ளிவாசலும் சனசமூக நிலையமும் சேர்ந்து எழுப்பிய தூண்கள் நிற்கின்றன. பல தூண்களில் பெயர்கள், ஒரே முதலெழுத்தோடு ஐந்தாறு பெயர்கள் வரிசையாக. கல்லடியில் திருச்செந்தூர் முருகன் கோயிலின் கோபுரம் அலை அடித்ததில் சாய்ந்தது. இன்னும் சாய்ந்துதான் நிற்கிறது. புகைப்படம் எடுக்க வருகிறவர்களுக்கு அது ஒரு புதினம். ஊரவர் அதன் அருகே நின்று நீர் எந்த மட்டம் வரை வந்தது என்று கையை உயர்த்திக் காட்டுவார்கள். அட்டை எதுவும் இல்லை.

இங்கேதான் தெல்வத்த வீட்டுக்கும் கிழக்கின் தூண்களுக்கும் உள்ள வேறுபாடு விளங்கத் தொடங்குகிறது. தூண் ஊரவருக்கானது. பெயரைப் படிக்கிறவருக்கு அந்தப் பெயர் யாருடைய மகன், எந்த ஒழுங்கை, எந்த வகுப்பில் படித்தான் என்று தெரியும். விளக்கம் தேவையில்லை, விளக்கினால் அது அவமதிப்புப் போலவும் இருக்கும். பெரலியவில் இறந்தவர்களில் மிகப் பலர் அந்த ஊரைச் சேர்ந்தவர்களே இல்லை. கொழும்பிலும் களுத்துறையிலும் ஏறியவர்கள், காலிக்கும் மாத்தறைக்கும் போக இருந்தவர்கள். ரயில் அங்கே நின்றது, அவ்வளவுதான். அந்நியர்களின் சாவு ஒரு சிற்றூரின் மேல் வந்து விழுந்தது. அவர்களைப் பற்றிச் சொல்ல அந்த ஊருக்குப் பெயர் தெரியாது. என்ன நடந்தது என்று மட்டும் தெரியும். ஆகவே அங்கே எழும்பியது நடந்ததைச் சொல்லும் வீடு. கேட்க வருகிறவர்களும் அந்நியர்கள். தெரியாதவரைப் பற்றித் தெரியாதவருக்குச் சொல்வதற்குத்தான் அட்டையும் ஆங்கிலமும் படமும் வேண்டியிருக்கின்றன. அருங்காட்சியகம் என்ற அமைப்பே அடிப்படையில் இதற்கானது.

இதனால் கிழக்குக்கு அருங்காட்சியகம் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. சொல்ல வருவது இதற்கு நேர்மாறு. தூணைப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். 2004க்குப் பிறகு பிறந்தவர்கள் இப்போது வாக்களிக்கிறார்கள். பெயர் தெரியாத ஒருவருக்குப் பெயர்ப் பட்டியல் எதையும் சொல்லாது. கடல் எத்தனை முறை வந்தது, எந்தப் பக்கத்திலிருந்து திரும்பியது, களப்பு நீர் ஏன் பின்னாலிருந்து ஏறியது, யார் யாரை எங்கே வைத்துக் காப்பாற்றினார்கள் என்று அதில் இல்லை. அம்பாறைக் கரையில் அந்த நாளில் தமிழர் கோயிலில் முஸ்லிம்களும் முஸ்லிம் பள்ளிக்கூடத்தில் தமிழர்களும் தங்கிய கதைகள் ஊருக்கு ஊர் சொல்லப்படுகின்றன. போர் திரும்ப மூண்டபோது அவை பேச்சிலிருந்து நழுவின. எழுதி மாட்டிய சுவர் ஒன்று இருந்திருந்தால் போர் நின்றிருக்கும் என்று நான் நம்பவில்லை. ஆனால் நடந்ததை நடக்கவில்லை என்று சொல்வது கொஞ்சம் கடினமாகியிருக்கும்.

கிழக்கில் தற்செயலாக அமைந்துவிட்ட ஒரு காட்சியகம் உண்டு என்றும் சொல்லலாம். அக்கரைப்பற்றுக்கு அருகே நுரைச்சோலையில், சுனாமியில் வீடிழந்த முஸ்லிம் குடும்பங்களுக்கென்று சவூதி அரேபிய நிதியில் 500 வீடுகள் கட்டினார்கள். பள்ளிக்கூடம், மருத்துவமனை, பள்ளிவாசல் எல்லாம் சேர்த்து ஒரு சிறு நகரம். ஒரே சமூகத்துக்குக் கொடுக்கக் கூடாது என்று வழக்குப் போட்டார்கள். நாட்டின் இன விகிதாசாரப்படி பங்கிட வேண்டும் என்று 2009இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்டவர் யார் என்ற கேள்வி போய், யார் எத்தனை வீதம் என்ற கேள்வி வந்தது. வீடுகள் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. கதவு நிலைகளையும் மின்கம்பிகளையும் பெயர்த்தெடுத்துப் போனார்கள். முற்றங்களில் பற்றை வளர்ந்தது. தெற்கில் கரையோர ரயில் பாதையை இரண்டு மாதத்துக்குள் திருத்தி ஓடவிட்ட நாடு இது.

ரயிலை இழுத்துப் போன 591ஆம் இலக்க ‘மனிற்றோபா’ இயந்திரத்தையும் சதுப்பிலிருந்து மீட்டுத் திருத்திவிட்டார்கள். கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா கொடுத்த பழைய இயந்திரங்களில் ஒன்று அது. ஆண்டு நினைவு நாளில் அதே இயந்திரம் தப்பியவர்களையும் உறவினர்களையும் ஏற்றிக்கொண்டு பெரலியவுக்கு வருவதுண்டு. கொழும்பில் ஏறி அங்கே இறங்கும் அந்தக் கூட்டம்தான் பெரலியவில் புதைந்தவர்களுக்கு ஊர் மாதிரி. நாவலடிக்கும் காரைதீவுக்கும் அப்படி வெளியிலிருந்து எந்த ரயிலும் வர வேண்டியதில்லை. அழ வேண்டியவர்கள் நடந்து வரும் தூரத்தில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கு அப்பால் இருக்கிறவர்களுக்கு யார் சொல்வது என்பதற்குக் கிழக்கில், நான் அறிய, இன்னும் ஒரு வாடகை அறைகூட ஒதுக்கப்படவில்லை. தெல்வத்தவைப் பார்த்தால் அதற்குப் பெரிய காசு தேவைப்படாது என்பது தெரிகிறது: சுவர், பழைய பத்திரிகைகள், அட்டை வெட்டக் கத்தரிக்கோல், மூன்று மொழியில் எழுதத் தெரிந்த இருவர், சொல்லச் சலிக்காத ஒருவர்.